நூர் ஆய்ஷாவுக்காகக் கேட்ட துஆ

சலாம் சகோதரிகளே. போன ரமலான்ல மலேசியாவுல, கிள்ளான்ல எங்க வீட்டுப் பக்கம் நடந்தது இது.

எங்க வீட்டுக்குப் பின்னால இருக்குற ஃப்ளாட்டுல ரோஹிங்யா குடும்பங்க இருக்காங்க. பர்மாவுல ஊரை விட்டு உசுரோட தப்பி வந்தவங்க. நோன்பு மாசம் முழுக்க அவங்களுக்கு நான் கஞ்சி காய்ச்சுவேன். நோன்பு வாயோட உப்புப் பாக்க எனக்கு மனசு வராது. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காதான் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் வந்து ஒரு கரண்டி குடிச்சுட்டு, பத்தல லா, இன்னும் போடுன்னு அதட்டுவாங்க. இந்து வீட்டுப் பொம்பளை, என் கஞ்சிக்கு எசமானி.

அன்னைக்கும் அடுப்படியில நின்னாங்க. அப்பத்தான் அந்த ஃப்ளாட்டுல இருக்குற நூர் ஆய்ஷாவோட மக ஓடி வந்தா. நூர் நிறைமாசம். அம்மாவுக்கு ரத்தம் போகுதுன்னு அழுதா. நான் ஃப்ளாட்டுக்கு ஓடினேன். பாயெல்லாம் ரத்தம். நூர் என் கையைப் புடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வேணாம்னா. கையில பேப்பர் இல்ல, போலீஸ் பிடிச்சு உள்ள போட்டுருவாங்கன்னு பயம். செத்தாலும் இங்கயே சாகுறேன்னா.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னுட்டாங்க, ரோடெல்லாம் ஜாம். என் வீட்டுக்காரர் கடையில, போன் எடுக்கல. நோன்பு திறக்கப் போற நேரம், வாடகைக் காரும் கிடைக்கல. அந்தப் படிக்கட்டுலயே உக்காந்து கையேந்திட்டேன்.

"யா அல்லாஹ், இவளுக்கு உன்னை விட்டா யாரு இருக்கா? யாரையாவது அனுப்பு."

ஆமீன் சொல்லி முடிக்கல, கீழ ஹார்ன் சத்தம். லெட்சுமி அக்கா ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்துற வேன்! பதட்டத்துல எனக்கு அது ஞாபகமே வரல. அடுப்பை அணைச்சுட்டு வேனை எடுத்துட்டு வந்துட்டாங்க. மூச்சு வாங்க மேல ஏறி வந்து, நூர் பக்கத்துல உக்காந்து மலாய்ல சொன்னாங்க.

"உன்னைத் தனியா விட மாட்டேன். யாரு கேட்டாலும் நான் பேசுறேன்."

அந்த வார்த்தைக்குத்தான் நூர் சம்மதிச்சா. ரெண்டு பேரும் தாங்கிப் புடிச்சு வேன்ல ஏத்தினோம்.

ஆஸ்பத்திரி வாசல்ல நோன்பு திறக்குற பாங்கு கேட்டுச்சு. தண்ணி குடிக்கக்கூட எனக்குத் தோணல. உடனே ஆபரேஷன். இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா ரெண்டு உசுரும் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. ஆண் பிள்ளை, அல்ஹம்துலில்லாஹ். நூர் வீடு திரும்புற வரைக்கும் லெட்சுமி அக்கா சொன்ன சொல் மாறல, கூடவே இருந்து கேட்டவங்ககிட்டயெல்லாம் அவங்கதான் பேசினாங்க.

இப்ப நான் கஞ்சியோட நிக்கிறதில்ல. யாருக்கு உடம்பு முடியல, யாரு மாசமா இருக்கான்னு நானும் லெட்சுமி அக்காவும் வீடு வீடாப் போய்க் கேக்குறோம்.

நம்பிக் கேளுங்க சகோதரிகளே. நான் கேக்குறதுக்கு முன்னாடியே அவன் ஆளை என் அடுப்படிக்கு அனுப்பி வச்சிருந்தான்.