கொச்சித் துறையில் தவறவிட்ட படகு

என் கணவர் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் குமாஸ்தா. போன வருஷம் என்னைக் கொச்சி பார்க்க அழைத்துப் போனார். என் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. கோட்டைக் கொச்சியில் சீன வலைகளையும் பழைய மாதாகோயிலையும் காட்டியவர், நான் பின்னால் வருகிறேனா என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எர்ணாகுளம் திரும்பும் படகில் அவர் முதலில் தாவி ஏறிக்கொண்டார். நான் கால் வைப்பதற்குள் படகு நகர்ந்துவிட்டது. “குதி, குதி!” என்று கத்தினார். நானும் குதிக்கத்தான் போனேன். மீன் விற்கும் பெண் ஒருத்தி என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்திராவிட்டால், குழந்தையோடு தண்ணீரில் விழுந்திருப்பேன்.

எனக்கு அந்த ஊர்ப் பாஷை தெரியாது. நாங்கள் தங்கிய விடுதியின் பெயரும் தெரியாது. அழுதுகொண்டே அங்கேயே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், “இன்னா பொம்பள நீ? உன்னால எவ்ளோ பேஜார்!” என்றார்.

“கொழந்தைய வச்சிக்கினு குதிக்கச் சொன்னீங்களே, நீங்க இன்னா ஆம்பள?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் மன்னிக்கவில்லை.

இப்போது வெளியூர் போனால் விடுதி விலாசமும் ரயில் டிக்கெட்டும் என் பையில்தான் இருக்கின்றன. நானும் குழந்தையும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் ஏற வேண்டும்.