முதலாளியம்மா எடுத்த ரிவால்வர்

பட்டுச்சேலை மூட்டையோடு பெங்களூர் போய்வரும் என் முதலாளிக்கு, வழிப்பறி பயத்தால் ரிவால்வர் லைசென்ஸ் வாங்கினார்கள். தீபாவளித் துப்பாக்கி சுட்ட அனுபவத்தில் நானும் முதலாளி, முதலாளியம்மாவோடு மெட்ராஸ் துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

இருப்பதிலேயே பெரியதைக் காட்டி, "இத பாத்தாலே திருடன் ஓடிடுவான்" என்றேன். பட்டுச்சேலையைச் சோதிப்பதுபோல் தோட்டாவையும் எச்சில் தொட்டுத் தேய்த்து, சாயம் போகிறதா என்று பார்த்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

முதலாளியம்மா அந்தப் பெரியதைக் கணவர் கையில் கொடுத்தார். கை நடுங்கியது.

"தறியில நாடா தள்ளித் தள்ளி இவருக்கு மணிக்கட்டு வலிச்சிகினே இருக்குது, இவ்ளோ கனம் தாங்காது. சின்னது குடுங்க. அதுக்குத் தோட்டா கிடைக்குமா?"

"ஜல்தியா கிடைக்கும்மா. பெருசுக்குத்தான் வெளிநாட்டுலேர்ந்து வரணும்."

"நூல் கிடைக்காத தறி எதுக்குங்க?"

சின்னது முதலாளி கையில் அசையாமல் நின்றது. லைசென்ஸை அந்தம்மா பேரிலேயே கொடுத்திருக்கலாம்.