குடைக்கு ஓர் இருக்கை

"உக்காந்து படிச்சா மட்டும் பாஸ் பண்ணிருவியா, பிள்ள?"

மாத்தளையிலிருந்து கண்டிக்கு வரும் காலை ரயிலில் ஒரு கிளார்க் ஐயா என்னிடம் இப்படிக் கேட்டார். பெட்டியில் இருந்த மற்ற ஐயாமார் சிரித்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அந்த வகுப்பை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான்தான். தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு ஒற்றைக் காம்பரா, அதில் ஒரு பல்பு. அதன் கீழே சமையல், டிவி, தம்பிமார் சண்டை. புத்தகத்தை விரிக்க எனக்கு வாய்த்த ஒரே இடம் அந்த ரயில். அதற்கு மடி வேண்டும், மடிக்கு இருக்கை வேண்டும். உக்குவளையில் நான் ஏறும்போது இருக்கைகளில் குடைகள் உட்கார்ந்திருக்கும்.

மாத்தளையில் ஏறும் ஐயாமார், வத்துகாமத்தில் ஏறப்போகும் நண்பர்களுக்காகப் போட்ட குடைகள் அவை. குடை வைத்த இடத்தை யாரும் தொடக்கூடாது. இது ரயில்வே சட்டம் அல்ல, அதைவிடக் கடுமையானது. கர்ப்பிணிப் பெண் நிற்பாள், குடை சாய்ந்துகொண்டு ஜன்னலால் வேடிக்கை பார்க்கும்.

அன்று நான் ஒரு குடையைத் தூக்கி மேல்தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"எழும்பு பிள்ள. அந்த இடத்துக்கு ஆள் வருது."

"வத்துகாமத்துலதானே ஐயா ஏறுவாரு? அது வரைக்கும் படிக்கிறேன்."

அதற்குத்தான் அந்தக் கேள்வி.

கண்டியில் தையல் கடைக்குப் போகும், நாங்கள் சாச்சி என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அம்மாவும் மாத்தளையில் ஏறுபவர். வாசலருகே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். மாலை ரயிலில் என்னிடம் கை நீட்டினார்.

"ஒங்கட கொடையத் தாங்க மகள். நாளைக்கு நான் வெச்சிட்டு வாறன்."

மறுநாள் ஜன்னலோரத்தில் கறுப்பாக, கனவானாக, என் குடை உட்கார்ந்திருந்தது. எந்த ஐயாவுடையது என்று தெரியாததால் ஒருவரும் தொடவில்லை. நான் அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிளார்க் ஐயா குடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். அவர்கள் போட்ட சட்டம். அவர்களே எப்படி மீறுவது?

பரீட்சை முடியும்வரை மாலையில் குடை சாச்சியோடு மாத்தளைக்குப் போனது, காலையில் இருக்கையில் வந்தது. மழை நாட்களில் அது நனையாமல் வரும். லயத்திலிருந்து ஸ்டேசன் வரை நான் நனைந்து வருவேன். ஈரப் பாவாடையோடு படித்துத்தான் கெம்பஸ் போனேன்.

அண்மையில் கண்டியில் அந்த ரயிலின் நினைவுகளைப் பேச ஒரு கூட்டம் வைத்தார்கள். பென்ஷன் எடுத்துவிட்ட கிளார்க் ஐயா மேடையில் கண் கலங்கினார். "நாங்க எல்லாரும் ஒரே பெட்டியில ஒரே குடும்பமா வந்தோம்" என்றார். உண்மைதான். குடும்பத்தில் குடைகளுக்கும் இடம் இருந்தது. பட்டதாரி என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ரெண்டு வார்த்தை போதும்மா," என்றார் கிளார்க் ஐயா என் காதருகே. "சந்தோசமான விசயமா சொல்லு."

குடைக் கதையை முழுவதும் சொன்னேன். எனக்குச் சந்தோசமான விசயம் அதுதான். சபை சிரித்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி.

தேநீர் குடிக்கும்போது கிட்ட வந்தார். "இதெல்லாமா ஞாபகம் வச்சிருக்க? சரி, பாஸ் பண்ணிட்டதானே. இனி என்ன?"

"வேலை கிடைச்சிருச்சு ஐயா. திங்கக்கிழமை போய்ச் சேந்துட்டேன்."

கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோர். எனக்கென்று மேசை, கதிரை. முதல் நாள் போனபோது கதிரையில் யாரோ ஒருவருடைய குடை இருந்தது. அதை எடுத்து மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.