சாமான் ரூமில் ஒரு வீரன்

ஸ்கேன் சென்டரில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். அவளுக்கு நாற்பத்தொரு வயதுதான். பதினெட்டு வருடமாக ஜன்னல் இல்லாத குளிர் அறையில், ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வருகிறாள். "மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க." படம் எடுத்ததும், "விடலாம்." ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வாள். ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை எண்ணும்போதுகூட "அசையாதீங்க" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அவன் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் பெற்றவர்கள் இருவரும் போய்விட்டார்கள். அப்புறம் அவனுக்கு அம்மா, அப்பா, வாத்தியார், போலீஸ் எல்லாம் அவள்தான். நன்றாகப் படித்தான், ஒரு கம்பெனியில் கட்டட வரைபடம் போடும் வேலைக்குப் போனான். ஒருநாள் மீட்டிங்கில் எழுந்து பேசச் சொன்னார்களாம். நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு சொல் வரவில்லை. வீட்டுக்கு வந்தவன் மறுபடி வேலைக்குப் போகவே இல்லை.

ஆனால் அப்போதெல்லாம் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தான். ஒரு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். அதோடு சரி, இரண்டு வருடம். அவள் டியூட்டியில் இருக்கும் நேரத்தில் வெளியே வந்து குளிப்பான், துணி துவைப்பான். அவள் வீட்டில் இருந்தால் கதவு திறக்காது. கதவுக்கு வெளியே ஒரு முக்காலி. அதில் தட்டை வைத்துவிட்டு அவள் நகர்ந்தால் தட்டு உள்ளே போகும். பேச்சு மட்டும் கிடையாது. அவளும் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான்.

அவன் தாழ்ப்பாள் போட்டதற்கு முந்தின நாள் "எழுந்து குளிக்கவாவது செய்யேன்டா, பிணம் மாதிரி கிடக்கிற" என்று கத்தியிருந்தாள். அந்த வார்த்தைதான் அவனைச் சுட்டுவிட்டது என்று இரண்டு வருடமாகத் தன்னையே தின்றுகொண்டிருந்தாள்.

கொடுமை என்னவென்றால், பையன் ஊமையாகிவிடவில்லை. அவளுக்கும் அவனுக்கும் இடையில் ஒரே ஒரு சுவர். சாயங்காலமானால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வாய் ஓயாமல் பேசுவான், சிரிப்பான். "பயப்படாதீங்க, ஓட்டைக்கேடயம் இருக்கான்ல!" என்பான். யாரோ முகம் தெரியாதவர்களிடம். ஏதோ கம்ப்யூட்டர் விளையாட்டு, அதில் அவன் பெயர் ஓட்டைக்கேடயம் போல. அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது அவளுக்கு வயிறு எரியும். அதே நேரம், அது நின்றுவிடக் கூடாதே என்றும் இருக்கும்.

ரிப்போர்ட் அடிக்கும் டைப்பிஸ்ட் பெண்ணிடம்தான் ஒருநாள் இதைச் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது, வேலை நேரத்தில் பாதி விளையாட்டுதான். சுவர் வழியாகக் கேட்ட நாலு வார்த்தையைச் சொன்னதுமே என்ன விளையாட்டு என்று கண்டுபிடித்துவிட்டாள். மதிய இடைவேளையில் எக்ஸ்ரே அக்காவின் பழைய லேப்டாப்பில் அதை ஏற்றியும் கொடுத்தாள்.

"முதல்ல ஒரு ஆளை உருவாக்கணும்க்கா. நீங்க யாரா இருக்கப் போறீங்க? அடிக்கிற ஆளா, அடி தாங்குற ஆளா, அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பாக்குற ஆளா?"

"அடி தாங்குற வேலையத்தான் வீட்ல பாக்குறேனே. வைத்தியமே இருக்கட்டும்."

"காது கூர்மையா வேணுமா, கொம்பு வேணுமா?"

"மனுஷியாவே இருந்துட்டுப் போறேன்டி."

பெயர் கேட்டது. டைப்பிஸ்ட் யோசிக்காமல் 'மெழுகுவத்தி' என்று அடித்தாள். "மைக்கைத் தொடாதீங்க. எழுதி மட்டும் பேசுங்க, குரல் கேட்டா அவ்வளவுதான்" என்று எச்சரித்தும் அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் சுவரோரம் கட்டிலில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டி, அவள் அந்த உலகத்துக்குள் இறங்கினாள். ஒரு கோட்டை வாசல். ஆடுகள், மரங்கள், ஒரு கிணறு. முன்னால் போகும் பொத்தானை அழுத்தினாள், போய்க்கொண்டே இருந்தாள், நேராகக் கிணற்றுக்குள் விழுந்தாள். ஏறி வந்து வழி கேட்கலாமென்று ஒரு காவல்காரனை அழுத்தினால், கையிலிருந்த கோலால் அவன் மண்டையில் ஒரு போடு போட்டுவிட்டாள். அவன் ஒரே வெட்டில் கதையை முடித்தான். விளையாட ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரை சாம்பல் நிறமானது. லேப்டாப் கெட்டுவிட்டதோ என்று பொத்தான்களையெல்லாம் தட்டினாள். அப்போதுதான் சுவர் வழியாக அந்தக் குரல் வந்தது. அரை நொடி கழித்து அதே குரல் ஹெட்போனிலும் வந்தது.

"மெழுகுவத்தி, புதுசா? பதறாதீங்க. இங்க செத்தா ஒண்ணும் ஆகாது. ஆவியா எழுந்திருப்பீங்க. உடம்பு எங்க கிடக்குதோ அங்க நடந்து வந்து தொட்டா உயிர் வந்துடும். நீங்க வர்ற வரைக்கும் உடம்பு அங்கேயே கிடக்கும். நான் பக்கத்துலயே நிக்கிறேன், வாங்க."

இரண்டு வருடம் கழித்து அவளைப் பார்த்துத் தம்பி பேசிய முதல் பேச்சு அது. கண்ணீர் கண்ணை மறைக்க மறைக்க, ஆவியாக நடந்தாள். அவள் உடம்புக்குப் பக்கத்தில், நடுவில் ஓட்டை விழுந்த ஒரு கேடயத்தைப் பிடித்தபடி ஒரு குண்டு வீரன் நின்றுகொண்டிருந்தான். "நன்றி" என்று அடித்தாள். அந்த மூன்று எழுத்துக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

அதன்பிறகு தினமும் ஆறு மணிக்கு ஆஜர். அவன் கோட்டை வாசலிலேயே நிற்பான். புதிதாக வருகிறவர்களைக் கூட்டிப் போய்ப் பழக்குவதுதான் அவன் தானாக எடுத்துக்கொண்ட வேலை. பையில் எதை வைக்கலாம், எதைத் தூக்கிப் போடலாம், எந்தக் காளானைத் தொடக் கூடாது, எல்லாம் அவன் சொல்லித்தான் கற்றாள். ஒரே விஷயத்தை மூன்று முறை கேட்டாலும் சலித்துக்கொள்ள மாட்டான். வைத்தியக்காரியின் மந்திரத்துக்கு மூன்று நொடி ஆகும். அதற்குள் அடிபட்டவன் நகர்ந்தால் மந்திரம் கலைந்துவிடும். "அதனால நில்லுன்னு சத்தமா சொல்லிடணும். கூச்சப்படாதீங்க" என்று சொல்லிக் கொடுத்தான். இருபது பேருக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டவனா இவன் என்று அவள் வியந்துபோவாள்.

திருட்டுத்தனம்தான், அவளுக்கும் தெரியும். முக்காலியில் தட்டை வைக்கும்போது கை கூசும். இன்று சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே போனாள். அவன் மூச்சு விடுகிற இடம் அது ஒன்றுதான். அதிலும் அக்கா வந்து ஒளிந்திருந்தாள் என்று தெரிந்தால் எங்கே போவான்?

மூன்றாவது வாரம், ஓர் ஆற்றங்கரையில் இருவரும் அடுத்த ஆட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். "வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?" என்று கேட்டான். "யாரும் இல்லை" என்று அடித்தாள். அடித்த பிறகு மனசு என்னவோ செய்தது.

"எனக்கு ஒரு அக்கா இருக்காங்க" என்றான். சுவர் முதலில் சொன்னது, பிறகு ஹெட்போன் சொன்னது. "நான் வீட்டோட வந்து உட்கார்ந்தப்போ எங்க சித்தி போன் பண்ணாங்க. அக்கா அவங்ககிட்ட, தம்பி வெளியூர்ல பெரிய வேலைக்குப் போயிட்டான்னு சொன்னாங்க. நான் ரூம்ல கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஒரு மாசம் கழிச்சு சித்தி நேர்ல வந்தாங்க. என் கதவைக் காட்டி இது என்ன ரூம்னு கேட்டாங்க. அக்கா, அது சாமான் ரூம், ஒரே தூசின்னாங்க. அன்னிக்கு சாயங்காலம்தான் தாழ்ப்பாள் போட்டேன்."



"அக்கா மேல தப்பு இல்லங்க. மானம் போகும்னு சொல்லியிருப்பாங்க. ஆனா நான் அந்த வீட்லயே இல்லைன்னு ஆயிடுச்சே. இல்லாத ஆளு எப்படிங்க கதவைத் திறந்துக்கிட்டு வெளிய வர்றது?"

அவன் சிரிக்க முயன்றான்.  அவளுக்குச் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. சித்தி வாராவாரம் குடைந்ததால் அந்த நேரத்துக்கு வாயில் வந்த பொய் அது. பிறகு அந்தப் பொய்க்குச் சோறு போட்டு வளர்த்தாள். வெளியூர் தம்பிக்கு இரண்டு முறை பதவி உயர்வுகூட வாங்கிக் கொடுத்திருந்தாள். அவனைச் சுட்டது பிணம் என்ற சொல் இல்லை. அவள் ஒரு பொருட்டாகவே நினைக்காத வேறு ஒன்று.

மறுநாள் வேலையில் இரண்டு படம் பாழானது. டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் குகைக்குள் சண்டை. ராட்சதன் ஓங்கி ஒரு அடி அடித்ததில் ஓட்டைக்கேடயத்துக்கு உயிர் ஊசலாடியது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'நில்லுங்க' என்று அடிக்க வேண்டும். மனம் எங்கோ இருக்க, பதினெட்டு வருடப் பழக்கம் விரலில் இறங்கிவிட்டது.

'மூச்சைப் பிடிங்க. அசையாதீங்க.'

சின்ன வயதில் கட்டில் மேல் நின்று, அவளைப் போலவே குரல் கொடுத்து, அவன் நடித்துக் காட்டிச் சிரித்த வாக்கியம் அது.

சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு பட்டென்று நின்றது. திரையில் அந்தக் குண்டு வீரன் அசையாமல் நின்றான். அவள் வைத்தியம் பலித்தது, அவன் உயிர் முழுதாக ஏறியது. அடுத்த நொடி 'ஓட்டைக்கேடயம் குழுவிலிருந்து விலகினார்' என்று ஒரு வரி வந்தது. தனியாக நின்ற மெழுகுவத்தியை ராட்சதன் ஒரே மிதியில் முடித்தான். அவள் லேப்டாப்பை மூடினாள்.

அன்று வைத்த தட்டு அப்படியே இருந்தது. மறுநாள் தட்டும் அப்படியே. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. இருந்ததையும் கெடுத்தாளே பாவி என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். கதவைத் தட்டக் கை ஓங்குவாள், துணிவு வராது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு தட்டுவது?

மூன்றாம் நாள் விடுமுறை. முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் சித்தி ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். வாயும் பெரிசு, மனசும் பெரிசு. காதில் விழுந்தது மாலைக்குள் சொந்தம் முழுக்கப் பரவிவிடும். உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் ஆரம்பித்தாள்.

"தம்பி எப்படி இருக்கான்? மூணாவது பிரமோஷன் வந்துச்சா? எங்க வீட்டுப் பக்கம் ஒரு நல்ல பொண்ணு இருக்கு, சொல்லலாம்னுதான் வந்தேன்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "இதை அந்தச் சாமான் ரூம்ல வைக்கிறேன், இங்க காலை இடிக்குது."

"அது சாமான் ரூம் இல்ல சித்தி."

சித்தி திரும்பிப் பார்த்தாள்.

"அது என் தம்பி ரூம்." அவள் குரலை உயர்த்தினாள்; தாழ்ப்பாள் போட்ட கதவைத் தாண்டியும் கேட்டிருக்கும். "அவன் எந்த ஊருக்கும் போகல. வேலையும் இல்ல, பிரமோஷனும் இல்ல. ரெண்டு வருஷமா இங்கதான் இருக்கான். அவன் பொய் சொல்லல, நான்தான் சொன்னேன். மனசு ஒடிஞ்சு வீட்ல இருந்தவனை, வெட்கப்பட்டுக்கிட்டு, வீட்லயே இல்லாதவனா ஆக்கிட்டேன். தப்பு என் மேலதான்."

சித்தி முகத்தில் ஈயாடவில்லை. கதவைப் பார்த்தாள், முக்காலியில் காய்ந்து கிடந்த தட்டைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "என்கிட்டயேவா? நான் ஊரெல்லாம் பெருமை பேசிக்கிட்டுத் திரியறேன், என்னை இப்படிப் பைத்தியக்காரியா ஆக்கிட்டியே" என்று பெட்டியோடு வாசலுக்கு நடந்தாள். அவள் தடுக்கவில்லை. வாசல் கதவு அறைந்து மூடியது. சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று இருந்தது.

தம்பியின் கதவு மட்டும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் அதன் முன் நின்றாள். பிறகு தன் அறைக்கு வந்து, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், லேப்டாப்பைத் திறந்து ஹெட்போனை மாட்டினாள். சாம்பல் நிறத் திரை. அவள் இன்னும் ஆவிதான். ஆவிகள் எழுகிற சுடுகாட்டிலிருந்து மெல்ல நடந்து காட்டைத் தாண்டிக் குகைக்குள் போனாள். கிணற்றில் விழாமல், மரத்தில் முட்டாமல் போகிற அளவுக்கு அவன் பழக்கியிருந்தான்.

மெழுகுவத்தியின் உடம்பு விழுந்த இடத்திலேயே கிடந்தது. பக்கத்தில், ஓட்டைக் கேடயத்தைப் பிடித்தபடி, அந்தக் குண்டு வீரன் நின்றுகொண்டிருந்தான்.

 

"அக்கா, சித்தி போயிட்டாங்களா?"

ஹெட்போனில் எதுவும் வரவில்லை. சுவரிலிருந்து மட்டும்தான் வந்தது.

"போயிட்டாங்கடா" என்றாள்.  ஹெட்போனைக் கழற்றினாள்.

அடுத்த அறையில் நாற்காலி நகர்ந்தது. காலடி கேட்டது. தாழ்ப்பாளில் கை படும் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினால் எங்கே கலைந்துவிடுமோ என்று பயந்து, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.