டேப் ரெக்கார்டர் மோட்டார்

சிட்லபாக்கம் வீட்டில் என் மகள் நிலா, பிளாஸ்டிக் கட்டைகளால் செய்த ரோபோவின் தோளில் சர்வோ மோட்டாரைப் பொருத்தி ரிமோட்டை அழுத்தினாள். கிர்ரென்ற சத்தத்தோடு கை மேலே எழுந்தது. அந்தச் சத்தம் என்னைச் சின்ன வயதில் இருந்த குரோம்பேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கட்டைகளைக் கோத்து ஒரு வண்டி செய்திருந்தேன். அது தானாக ஓட வேண்டும் என்று ஆசை. அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் டேப் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, அம்மா காபி கொண்டுவரும்வரை கண்ணை மூடிப் பாட்டுக் கேட்பார். ஒரு மத்தியானம் அண்ணனின் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதைத் திறந்து மோட்டாரைக் கழற்றினேன். டார்ச் லைட் பேட்டரியோடு இணைத்ததும் வண்டி சிவப்பு சிமென்ட் தரையில் ஓடியது. ஆனால் மோட்டாரைத் திரும்பப் பொருத்தத் தெரியவில்லை.

சாயங்காலம் அப்பா அண்ணனைத்தான் கூப்பிட்டார். ஸ்க்ரூடிரைவர் அவனுடையது.

"நான் தொடவே இல்லப்பா" என்றான். அடி விழுந்தது. நான் வண்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வாய் திறக்காமல் நின்றேன்.

இப்போது கூடுவாஞ்சேரியில் இருக்கும் அண்ணனுக்கு உடனே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி, "மன்னிச்சுக்கோ அண்ணா" என்றேன்.

"எந்த டேப் ரெக்கார்டர்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையேம்மா" என்றான்.

இத்தனை வருஷம் நான் சுமந்தது அவனிடம் இல்லவே இல்லை. இருந்தாலும் போனை வைக்க மனம் வரவில்லை. முதலிலிருந்து மறுபடியும் சொல்ல ஆரம்பித்தேன்.