பாலத்தோடு முடிந்த கார்ன்வால்

ஈட்டி முனைக்கு எதிரே நிற்பவன் சொந்த மாப்பிள்ளை என்றால் ஒரு மனிதர் என்ன செய்ய வேண்டும்? பள்ளியில் கடைசி வருடம் ஆசிரியர் இதைக் கேட்டார். கேள்வி எங்கள் ஊர்ப் பாலத்தில் நடந்ததைப் பற்றியது என்பதால் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பாலத்தில் நின்ற பெத்ரிக்கின் கதையை நான் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பெத்ரிக்குக்குப் பீப்பாய் செய்யும் தொழில். இங்கிலாந்தில் டேமர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், கார்ன்வால் மாவட்டத்தில் பட்டறை. 1642-இல் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை மூண்டபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஊர்ப்படையில் முதல் வரிசை ஈட்டிக்காரர். அது தைரியத்துக்குக் கிடைத்த இடம் அல்ல. அவ்வளவு அகலமான ஆளுக்குப் பின்னால் நிற்க எல்லோருக்கும் பிடித்திருந்தது. மார்புக் கவசம் அவர் அப்பாவுடையது. அப்பா ஒல்லி. வார்கள் எட்டாததால் பட்டறைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்.

ஒரே மகள் வில்மட், ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெவனில் ஹம்ஃப்ரி என்ற கொல்லனைக் கல்யாணம் செய்திருந்தாள். கார்ன்வால் அரசர் பக்கம், டெவன் பாராளுமன்றப் பக்கம். ஹம்ஃப்ரியும் அவன் ஊர்ப்படையில் முதல் வரிசை.

பாலத்தைப் பிடிக்க உத்தரவு வந்த காலையில், தாமஸின் என்ற அவர் மனைவி கவசக் கயிற்றை இறுக்கிக்கொண்டே பேசினாள்.

"நீங்க ஜெயிச்சா மக விதவை. அவன் ஜெயிச்சா நான் விதவை. ரெண்டுக்கும் எனக்குச் சம்மதம் இல்ல."

"நான் என்னடி பண்றது? ராஜா சண்டை."

"ராஜாவா வந்து உங்களுக்குக் கஞ்சி ஊத்துவாரு? ஏதாவது பண்ணுங்க. இல்ல, ஒண்ணுமே பண்ணாம வாங்க."

மழை. துப்பாக்கித் திரிகள் நனைந்துவிட்டதால் இரண்டு பக்கமும் ஈட்டியை மட்டும் நம்பியிருந்தன. முரசு அடித்தது. நூற்றிருபது பேர் நான்கு நான்காகப் பாலத்தில் ஏறினார்கள். எதிர்ப்பக்கமும் அதே போல ஏறியது.

பாலத்தின் நடுவில் ஒரு வெள்ளைக்கல். மாவட்ட எல்லை அது. ஆற்றில் மிதந்து வரும் செத்த மாடு அந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, அந்த மாவட்டம்தான் புதைக்க வேண்டும். பெத்ரிக் அந்தக் கல்லை மிதிக்கும்போது ஹம்ஃப்ரியின் சிவப்புத் தாடி தெரிந்தது. ஈட்டி முனைக்கும் அவன் தொண்டைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பெத்ரிக்கின் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த டிகோரியின் நெற்றி அவர் முதுகில் முட்டியது.

"ஏன்யா நின்னுட்ட?"

"கல்லு வந்துடுச்சு. இதுக்கு மேல டெவன்."

"அதனால?"

"ஊர்ப்படை மாவட்டத்தைத் தாண்ட வேண்டியதில்ல. சட்டம்யா."

டிகோரி யோசித்தான். சட்டம் உண்மைதான். இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை. செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. போய்ச் சேர்ந்த இடத்திலெல்லாம் ஈட்டிகள் எதிரியை விட்டு வானத்தைப் பார்த்து நிமிர்ந்தன.

கேப்டன் ட்ரெகோஸ் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"முன்னேறு, பெத்ரிக்."

"ஐயா, கார்ன்வால் இங்கயே முடிஞ்சு போச்சுங்க."

"எதிரி அங்க நிக்கிறான்."

"நிக்கட்டும் ஐயா. அவன் ஊருல அவன் நிக்கிறான்."

எதிரிலிருந்து ஹம்ஃப்ரி குரல் கொடுத்தான். "மாமா, எங்க ஆளுங்களும் கல்லைத் தாண்ட மாட்டாங்களாம்."

"சண்டை நேரத்துல பேச்சு கொடுக்காத மாப்ள." கொஞ்சம் பொறுத்து, "வில்மட் எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. உங்களை இளைக்கச் சொன்னா."

கேப்டன் வாளை உருவினார். "பத்து எண்ணுவேன். தாண்டலைன்னா தூக்குல தொங்குவ."

பெத்ரிக்கின் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதின. சொன்னபடி தூக்கில் போடக்கூடிய மனிதர்தான் கேப்டன். ஏழு வரை எண்ணியதும் பெத்ரிக் ஈட்டியை மெல்ல நேராக நிமிர்த்தினார். பொறுமை இழந்த கேப்டன் அவர் முதுகில் கையை வைத்துத் தள்ளினார். பெத்ரிக் நகரவில்லை, கயிறுதான் அறுந்தது. கவசம் உருண்டு போய்க் கல்லுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

"எடுடா அதை."

"டெவன்ல விழுந்துடுச்சே ஐயா."

இரண்டு படையும் சிரித்தது.

"வேணும்னா நீங்க போய் எடுங்க ஐயா," என்றான் டிகோரி, மரியாதையாகத்தான்.

கேப்டன் கவசத்தைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருந்த டெவன்காரர்களின் ஈட்டிகளையும் பார்த்தார். அவரும் ஊர்ப்படைக்காரர்தான். "மழை வலுக்குது. திரும்புங்க," என்றார்.

தூக்கில் போட வேண்டுமானால், நடந்ததை மேலிடத்துக்கு எழுத வேண்டும். எழுதினால், தானும் கல்லைத் தாண்டாததையும் எழுத வேண்டும். அதனால் கேப்டன் வேறு தண்டனை கொடுத்தார்: குளிர்காலம் முழுக்கப் பாலத்தில் பெத்ரிக்குக்குத் தனிக்காவல். டெவன்காரர்களும் ஹம்ஃப்ரிக்கு அதே தண்டனையைக் கொடுத்தார்கள். மாமனும் மருமகனும் நான்கு மாதம் எதிரெதிரே முறைத்துக்கொண்டு நின்றார்கள். சனிக்கிழமைகளில் வில்மட் அந்தப் பக்கமிருந்து சூப்பும், தாமஸின் இந்தப் பக்கமிருந்து ரொட்டியும் கொண்டுவருவார்கள்.

வசந்தத்தில் சம்பளப் படைகள் வந்து, கல்லைக் கவனிக்காமலே பாலத்தைத் தாண்டின. அவர்களில் பலர் திரும்பவில்லை. அவர்கள் பெயர்கள் தேவாலயச் சுவரில் இருக்கின்றன. பெத்ரிக்கின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அதனால் இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது, முழங்கால் மோதியதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.