கொட்டாஞ்சேனையின் பழைய கேர்னல்

போர் நடந்துகொண்டிருந்த அந்த வருடங்களில், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் எங்கள் கந்தோர் இருந்தது. ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் நடிக்கும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தோம். உள்ளே இருக்கும் கணினிக்கும் தனி இயங்குதளம் உண்டு. அதன் அடித்தளத்தில் இருந்து எல்லாவற்றையும் நடத்துவது கேர்னல். கேர்னல்கள் புதிதாகிக்கொண்டே போகும். எங்கள் மென்பொருள் பழையவற்றோடும் ஒத்துப்போக வேண்டும், அதைப் பார்ப்பது என் வேலை. எனக்கு அதில் கொள்ளை ஆசை. முதலாளிக்குத்தான் இல்லை.

"உந்தப் பழசுகளை இந்தமுறையோட விட்டிடுவம் பிள்ளை. ஆர் இப்ப உதைப் பாவிக்கினம்?" என்றார்.

"கொட்டாஞ்சேனையில ஒரு லேப் பாவிக்குது."

அது இரத்தப் பரிசோதனை செய்யும் சின்ன இடம். அவர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். அவர் எழுதியது அந்தப் பழைய கேர்னலில் மட்டும்தான் ஓடும். கணினியோ இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. அது படுத்தால் எத்தனையோ வருட நோயாளிகளின் முடிவுகளும் சேர்ந்து போய்விடும். எல்லாவற்றையும் அப்படியே தூக்கி, எங்கள் மென்பொருளின் வழியாகப் புதிய கணினிக்குள் குடிவைப்பதுதான் ஒரே வழி.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. உள்ளே போனதும் பழைய கேர்னலின் மணிக்கூடு பின்தங்கும். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து எடுத்த இரத்தம் என்று எழுதுகிற இடத்தில் நேரம் பிழைத்தால், அந்த அறிக்கையை வைத்து என்ன செய்வது?

"வெள்ளிக்கிழமைக்குள்ள மணிக்கூடு சரிவந்தால் பழசுகளை வைச்சிருப்பம். இல்லாட்டி இல்லை," என்றார் முதலாளி.

"வரும்," என்றேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்.

பழைய கேர்னல், வெளியே இருக்கும் கணினி சீராக அனுப்பும் துடிப்புகளை எண்ணி எண்ணி நேரம் பார்க்கும். வெளிக்கணினி வேறு வேலையில் மூழ்கினால் சில துடிப்புகள் தவறிவிடும். தவறியதைத் திருப்பிக் கொடுக்கும் நிரலை எழுதினேன். கந்தோரில் நானே நிறுவிய அதே பழைய கேர்னலில் ஒரு நாள் முழுக்க ஒரு விநாடிகூடப் பிசகவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, இரண்டு சோதனைச் சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பையைத் திறந்து காட்டி, கொட்டாஞ்சேனைக்குப் போனேன். லேப்பின் பழைய கணினியை அப்படியே புதியதற்குள் ஏற்றி இயக்கினேன். மணிக்கூடு அரை மணித்தியாலம் முந்திக் காட்டியது.

துடிப்புகளை அள்ளிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். என் நிரலை வரிக்கு வரி திட்டிக்கொண்டே வாசித்தேன். அந்த அரை மணித்தியாலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைக் கவனிக்கும் நிதானம் எனக்கு இல்லை. மதியமாகிவிட்டது.

லேப்பைப் பார்த்துக்கொள்ளும் மிஸ், எனக்குப் பால் விடாத பிளேன்டி ஒன்று கொண்டுவந்தார். என் தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தார்.

"இது பழைய நேரமெல்லோ தங்கச்சி? நாட்டில நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு மாத்தினப்ப, நான்தானே பழைய மெஷினில கையால குறைச்சு வைச்சனான்."

அவர் மணிக்கூட்டைத்தான் குறைத்திருந்தார். நாட்டின் நேரம் மாறியது உள்ளே இருந்த இயங்குதளத்துக்குத் தெரியாது. புதிய கணினி சரியான நேரத்தைக் கொடுத்ததும், அது தன் பழைய கணக்குப்படி அரை மணித்தியாலத்தைக் கூட்டிக் காட்டியது. என் நிரலில் ஒரு குற்றமும் இல்லை; கந்தோரில் நிறுவும்போதே புதிய நேரத்தைக் கொடுத்திருந்ததால் அங்கே இது தெரியவில்லை. கலியாண அழைப்பிதழ் வரும்போதெல்லாம் "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்ட ஊர் இது, கேட்டவர்களில் நானும் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வந்தது. மிஸ்ஸும் சேர்ந்து சிரித்தார். ஒரே வரியில் திருத்தினேன்.

"நோயாளியின்ட இரத்தத்தில சோதிச்சுப் பாக்கேலாது," என்று ஊசியை எடுத்தார் மிஸ். "கையை நீட்டுங்கோ."

புதிய கணினி அச்சடித்த முதல் அறிக்கை என்னுடையது. மிஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரத்துக்குப் பக்கத்தில் சரி போட்டுக் கையெழுத்து வைத்தார். அன்று மாலையே அதை முதலாளியின் மேசையில் வைத்தேன்.

"நேரம் சரி. பழசுகள் இருக்கட்டும்," என்றார். பிறகு கீழே இருந்த ஹீமோகுளோபின் எண்ணை வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீர்தான் கொஞ்சம் முருங்கையிலை சாப்பிடோணும்."